பாக்கலாம் என்று சொன்னவர்கள்

“மத்தவங்க காச எங்க போடலாம்னு சொல்றதுக்கு ஒனக்குச் சம்பளமா? நம்ம வூட்டுல யாரு கையில காசு கெடந்து நீ அதக் கத்துக்கின?”

பெங்களூரில் எனக்கு வேலை கிடைத்த அன்று அப்பா கேட்டது இது. நான் வாங்கிவந்த ஸ்வீட் டப்பாவைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். அவர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் லோடு ஏற்றும் வேலை செய்கிறார். அம்மா ரோஜாப் பண்ணையில் பூ வெட்டித் தரம் பிரிக்கிறாள். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் இரு பக்கக் குடும்பத்திலும் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமே இல்லை, கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். அதனால் அப்பாவின் கேள்வி சுருக்கென்று தைத்தது. எழுந்து போய், அப்பாவின் யூனிஃபார்ம் துவைக்கப்போட்டிருந்த பக்கெட்டில் தண்ணீர் பிடித்தேன்.

என் வேலையை அவருக்குச் சரியாக விளக்க எனக்குமே ஆறு மாதம் ஆனது. புதிதாகக் கம்பெனி ஆரம்பிப்பவர்களுக்கு வங்கி கடன் தராது. காட்ட லாபமும் இருக்காது, அடமானம் வைக்கச் சொத்தும் இருக்காது. அப்படிப்பட்ட நேரத்தில் பணம் போட்டு, கம்பெனியில் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்வதுதான் எங்கள் நிறுவனத்தின் தொழில். பத்தில் ஒன்று பெரிதாக வளர்ந்தால் போதும் என்ற கணக்கு. யார் வளர்வார்கள் என்று விசாரித்து எழுதித் தருவது என் வேலை.

ஒரு காலத்தில் ஒரு செயலியும், பார்க்க அழகான பத்து ஸ்லைடும், பெரிய கல்லூரியின் பெயரும் இருந்தால் பணம் வந்துவிடும் என்று ஆபீஸில் சொல்வார்கள். நான் சேர்ந்தபோது அந்தக் காலம் முடிந்திருந்தது. முதலீட்டாளர்கள் கையை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். ‘யார் வாங்குகிறார்கள், அவர்களை நான் பார்க்கலாமா?’ என்பதுதான் இப்போது முதல் கேள்வி. தொழிற்சாலைக்குள் ஓடும் பொருள்மேல், மெஷின்மேல், பேட்டரிமேல் எல்லோருக்கும் திடீரென ஆசை வந்திருந்தது. அப்படித்தான் பெங்களூர்க்காரர்களின் கண்ணுக்கு ஓசூர் தெரிந்தது. ஓசூரிலிருந்து தினமும் பஸ் ஏறி அத்திப்பள்ளி தாண்டி வரும் நானும் தெரிந்தேன்.

ஒரு நாள் எங்கள் மேடம் ஒரு பட்டியலை அனுப்பினார். கன்னடக்காரர், நிறுவனத்தில் கடைசி வார்த்தை அவருடையது. பட்டியலில் இருபத்திரண்டு லேத் பட்டறைகள். மூக்கண்டப்பள்ளியில் பாதி, சூளகிரிச் சாலையில் பாதி. ஒவ்வொன்றுக்கும் எதிரே, பச்சை நிறத்தில், ‘ஆர்வமாக உள்ளார்’ என்று எழுதியிருந்தது. அதை மேடத்துக்கு அனுப்பியவள், எங்களிடம் முதலீடு கேட்டிருந்த என் வயதுப் பெண். தமிழ்க் குடும்பம், வளர்ந்தது புனேயில். பெரிய சம்பளத்தை விட்டுவிட்டு வந்து, சூளகிரியில் ஒரு அறை எடுத்து, இரண்டு பேரை வேலைக்கு வைத்து, ஒரு சின்னப் பெட்டி செய்திருந்தாள். மெஷினுக்குப் போகும் கேபிளில் அதைக் கவ்வவிட்டால், மெஷின் ஓடுகிறதா சும்மா நிற்கிறதா என்று முதலாளியின் போனில் காட்டும். அவள் கையிலிருந்த பணம் கோடை முடியும்வரை வரும். நாங்கள் போட்டால் கம்பெனி இருக்கும். இல்லையென்றால் அறையைக் காலி செய்துவிட்டுப் புனேக்குத் திரும்ப வேண்டியதுதான். அதை அவளே மறைக்காமல் எழுதியிருந்தாள்.

“உன் ஊர்தானே, நீயே போய்க் கேட்டு எழுது” என்றார் மேடம். நான் தனியாக எழுதப்போகும் முதல் அறிக்கை.

அந்தச் சனிக்கிழமை அப்பாவுக்கு வார விடுமுறை. வண்டியில் கூட்டிப்போகிறேன் என்று அவராகவே கிளம்பினார். பெட்டியைப் பற்றிச் சொன்னதும் வண்டியை மெதுவாக்கினார்.

“அப்ப ஆளு ஒண்ணுக்குப் போனாக்கூட மொதலாளிக்குத் தெரிஞ்சுடுமா?”

“அது மெஷினத்தான் பாக்குதுப்பா. ஆளப் பாக்காது.”

“மெஷின் தானா நிக்குமா பாப்பா? ஆளு போனாத்தான் நிக்கும்.”

அதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

முதல் பட்டறையில் டீ வந்தது. முதலாளி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “அந்தப் பொண்ணு வந்துச்சு மேடம். நல்ல ஐட்டம். பாக்கலாம்.” இரண்டாவது பட்டறைக்காரர் தெலுங்கு பேசுபவர். அங்கே பாதாம் பால். “சூஸ்தாம்மா, சூஸ்தாம்.” மூன்றாவது ஆள் கன்னடம். பிஸ்கட்டும் சேர்த்து வந்தது. “நோடோணா.” அதுவும் பாக்கலாம்தான். பிறகு மறுபடியும் தமிழ், மறுபடியும் பாக்கலாம். அன்று மதியத்துக்குள் எட்டு டீயும் ஒரு பாதாம் பாலும் குடித்திருந்தேன். ஒரு இடத்தில்கூட முகம் கோணவில்லை. ஒரு இடத்தில்கூட பெட்டி இல்லை.

அந்த வார்த்தையை எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். ஆறாம் வகுப்பில் சைக்கிள் கேட்டேன். அம்மா பாக்கலாம் என்றாள். சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கட்டுமா என்றேன், பாக்கலாம். அப்பா அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கமாட்டார், சுவரைப் பார்ப்பார். எங்கள் பக்கத்தில் வாசல் தேடி வந்து கேட்பவரிடம் ‘இல்லை’ என்று சொல்ல நாக்கு எழாது. அது ஒரு மரியாதை. கேட்டவர் தலைகுனிந்து போகக்கூடாது. அதனால் பாக்கலாம். வந்தவரும் புரிந்துகொண்டு, அடுத்த முறை வேறு பேச்சுப் பேசுவார். மூன்று மொழி பேசும் ஊரில் மூன்று மொழியிலும் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்.

கிருஷ்ணகிரியில் பி.காம். சேர இடம் கிடைத்தபோதும் அப்பா பாக்கலாம் என்றார். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பியவர், செருப்பை மாட்டிக்கொண்டே, “அந்தக் காலேஜிக்கு எந்த பஸ்ஸு போவுது? ஸ்டாப்புல நிக்குமா, ரோட்ட தாண்டணுமா?” என்று கேட்டார். அவ்வளவுதான். பிறகு அதைப்பற்றிப் பேச்சே எழவில்லை. ஒரு வாரத்தில் கட்டணம் கட்டியாயிற்று.

பத்தாவது பட்டறையிலிருந்து நான் வெளியே வந்தபோது அப்பா வண்டியிடம் இல்லை. பக்கத்து ஷெட் வாசலில் ஒரு லோடுமேனோடு பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் கை அசைத்தார்.

“பாப்பா, ஒன் பெட்டி இங்க கெடக்குது. இந்த ஷெட்டுக்காரன் தெனமும் அதத் திட்டிக்கினே இருக்கானாம். ஆனா கழட்டவும் உடமாட்டேங்கறானாம்.”

என் பட்டியலில் அந்த ஷெட்டே கிடையாது. உள்ளே போனேன். அங்கே நாற்காலி இல்லை, டீ இல்லை.

“நீ அந்தக் கம்பெனியா?” என்று ஷெட்டுக்காரர் கத்தினார். லேத் சத்தத்துக்கு மேலே கத்தினார் என்றுதான் முதலில் நினைத்தேன்; மெஷின் நின்ற பிறகும் அப்படியேதான் பேசினார். “கரண்ட் போயி வந்தா பெட்டி செத்துப்போவுது. மூணு வாட்டி போன் பண்ணியாச்சு. நேத்து சாயங்காலம் எந்த மெஷின் நின்னுச்சுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ரெண்டாவது மெஷினுக்கு ஒண்ணு கேட்டேனே, அது எங்க?”

“இன்னொண்ணு கேட்டீங்களா சார்?”

“கேக்காம? காசு குடுத்துத்தானே வாங்கினேன். நீ என்னா, வேடிக்க பாக்க வந்தியா?”

அவர் திட்டத் திட்ட எனக்குள் ஏதோ லேசாகிக்கொண்டே போனது. சிரித்துவிடுவேனோ என்று பயந்து நோட்டில் குனிந்துகொண்டேன்.

மீதிப் பன்னிரண்டு பட்டறைகளையும் அன்று இருட்டுவதற்குள் பார்த்து முடித்தோம்; அங்கேயும் பாக்கலாம்தான். திங்கட்கிழமை ஆபீஸில் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணைப் பார்க்கச் சூளகிரிக்குப் போனேன். மேசைமேல் திறந்து கிடந்த பெட்டிகள், ஒரு சால்டரிங் அயர்ன், பாதி சாப்பிட்ட எலுமிச்சை சாதம். வேலைக்கு வைத்திருந்த இரண்டு பேரில் ஒருவர் போன வாரம்தான் வேறு வேலைக்குப் போயிருந்தார். ஷெட்டுக்காரரைச் சொன்னதும் அவள் முகம் சிவந்தது. லேப்டாப்பில் இன்னொரு பட்டியலைத் திறந்தாள். நான்கு வரிகள். எல்லாம் சிவப்பு. எதிரே, ‘கோபமாக உள்ளார்.’

“இதை ஏன் அனுப்பல?”

“திட்டுறவங்களைக் காட்டினா யார் பணம் போடுவாங்க?” அவளுடைய தமிழ் வீட்டுக்குள் மட்டும் பேசிய தமிழ், ஒவ்வொரு வார்த்தையும் துவைத்து மடித்ததுபோல வரும். “அந்த இருபத்திரண்டு பேரும் எவ்வளவு நல்லா பேசினாங்க தெரியுமா? எல்லாரும் டீ கொடுத்தாங்க. எல்லாரும் ‘பாக்கலாம்’னு சொன்னாங்க. பாசிட்டிவ்தானே?”

சொல்வதா வேண்டாமா என்று ஒரு நிமிடம் தவித்தேன். பிறகு சொன்னேன். சைக்கிள், சுற்றுலா, சுவரைப் பார்க்கும் அப்பா எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னேன்.

“அப்போ, இருபத்திரண்டும்?”

“இருபத்திரண்டும்.”

அவள் லேப்டாப்பை மூடினாள். “நான் வேலையை விட்டேன்னு போன்ல சொன்னப்போ எங்க அம்மாவும் ‘பாக்கலாம்மா’ன்னுதான் சொன்னாங்க” என்றாள். அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். கண் நிறைந்துவிட்டது. நானும் சிரித்தேன். என் துப்பட்டாவின் நுனியைக் கொடுத்தேன், துடைத்துக்கொண்டாள்.

மற்ற மூவரிடமும் போய்த் திட்டு வாங்கிவந்த பிறகு, அறிக்கையில் இருபத்திரண்டு பச்சையையும் அடித்துவிட்டேன். நான்கு சிவப்பை மட்டும் வைத்தேன். ‘இந்த நால்வரும் காசு கொடுத்து வாங்கியவர்கள். பெட்டி நின்றால் கோபப்படுகிறார்கள். ஏனென்றால் அது இல்லாமல் அவர்களுக்கு இப்போது முடிவதில்லை’ என்று எழுதினேன். கரண்ட் போய் வந்தால் பெட்டி நிற்பதையும் எழுதினேன். மெஷின் தானாக நிற்குமா என்ற அப்பாவின் கேள்வியையும், அவர் கேள்வி என்று சொல்லாமல், எழுதினேன்.

மேடம் முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். “நோடோணா” என்றார்.

என் கால் கதவுப் பக்கம் திரும்பிவிட்டது, பழக்கம். அங்கேயே நின்றேன்.

“மேடம், அது ஆமாவா, இல்லையா? அந்தப் பொண்ணு கோடைவரைதான் தாங்கும். இல்லேன்னா இல்லேன்னே சொல்லிடறேன். அவ அடுத்த வேலையப் பார்ப்பா. நாம ‘பாக்கலாம்’னு சொன்னா அவ அதையும் பச்சையில எழுதி வச்சுக்குவா.”

ஆறு மாதம் முன்னால் சேர்ந்தவள் அப்படிப் பேசுவது அந்த ஆபீஸில் வழக்கமில்லை. மேடம் என்னைப் பார்த்தார். பிறகு எதிர் நாற்காலியைக் காட்டினார். “உட்கார். கரண்ட் போனால் ஏன் நிற்கிறது? சரிசெய்ய எத்தனை நாள் ஆகும்? நான்கு பேர் நாற்பது ஆக யார் அலைவார்கள்? அவளுக்கு இந்த ஊர்ப் பேச்சே புரியவில்லையே!” குரல் ஏறிக்கொண்டே போனது. கிட்டத்தட்ட ஷெட்டுக்காரரைப்போலக் கத்தினார். நான் உட்கார்ந்தேன். பயம் போய்விட்டது.

அந்தப் பெண் கேட்ட பணத்தில் பாதிதான் கிடைத்தது. மீதி, அந்த நான்கு பெட்டிகளும் ஒரு மழைக்காலத்தை நிற்காமல் தாண்டிய பிறகு. இப்போதெல்லாம் அப்படித்தான் கொடுக்கிறார்கள். நானே போன் செய்து சொன்னேன். “இது நிஜமான ஆமாவா?” என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு, “ஊர்ப் பேச்சு புரியற ஆள் வேணும்னு உங்க மேடம் எழுதியிருக்காங்க. எங்கே தேடுறது?” என்றாள்.

அன்று பஸ்ஸில் அத்திப்பள்ளி வரும்வரை அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் சொன்னேன். பெங்களூர் வேலையை விடப்போகிறேன். சூளகிரியில் அந்தப் பெட்டிக் கம்பெனியில் சேரப்போகிறேன். சம்பளம் இப்போதைக்குக் குறைவு. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சம்பளம் தேதிக்கு வந்துடுமா?”

“வரும்ப்பா.”

“அங்க பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் இருக்குதா?”

“இருக்குது.”

“எத்தினி மணிக்கு வுடுவாங்க? சானமாவுக் காட்டுப் பக்கம் யான எறங்கியிருக்குதாம். சுத்தி வர்ற ஜோலியே வேணாம், மெயின் ரோட்டுலயே வந்துடு.” அம்மாவைப் பார்த்தார். மறுபடி என்னிடம், “அந்த ஒண்ணுக்குப் போற விசயம் என்னாச்சு?”

“பத்து நிமிசத்துக்குக் கொறச்சலா நின்னா பெட்டி காட்டாதுன்னு மாத்தச் சொல்லியிருக்கேன்ப்பா.”

“பத்தாது. டீ குடிக்கணுமில்ல” என்றார்.

மேடத்திடம் ராஜினாமாக் கடிதம் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. போன திங்கள் காலை, கரண்ட் போனாலும் சாகாத புதிய பெட்டி இரண்டைப் பையில் வைத்துக்கொண்டு அந்த ஷெட்டுக்குப் போனேன். ஒன்று மாற்றுவதற்கு, ஒன்று அவர் கேட்ட இரண்டாவது மெஷினுக்கு. என்னைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார். நான் பையை இறக்கிவைத்துவிட்டு நோட்டைத் திறந்தேன்.