சனிக்கிழமை கழுவிய தகடுகள்

ஒரு பழைய பனியன் துணி, ஒரு கைப்பிடி தேங்காய் நார், ஒரு வாளி நல்ல தண்ணீர். கடியப்பட்டணத்து அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் இந்த மூன்றும்தான் கண்ணில் வரும். முகம் அப்புறம்தான் வரும். இந்த மூன்றையும் வைத்துத்தான் அவள் எனக்கு முனைவர் பட்டம் வாங்கித் தந்தாள். அது அப்போது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்தேன் பாருங்கள், அதைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நான் குழித்துறைக்காரி. கடல் காற்றில் இரும்பு துருப்பிடிப்பதைத் தடுக்கும் பூச்சு ஒன்றைப் பற்றி ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். நெல் உமியை எரித்த சாம்பலிலிருந்து ஒரு பொடி எடுத்து, அதைப் பிசினில் கலந்து இரும்பின் மேல் பூச வேண்டும். ஆய்வகத்தில் உப்புநீரைப் புகைபோலத் தெளிக்கும் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தபோது அந்தப் பூச்சு ஏதோ சுமாராகத் தேறியது. "பெட்டி வேற, கடல் வேற. ஒரு வருஷம் கடற்கரையில வச்சுப் பாரு. ஆனா வச்சதுக்கப்புறம் ஒருத்தரும் தொடப்பிடாது, நீயும் தொடப்பிடாது" என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியர். கடலுக்கு நேர் எதிரே மொட்டைமாடி உள்ள வீடு தேடி, திங்கள்சந்தையில் பேருந்து மாறி மாறி அலைந்தேன். கேட்ட வீடுகளில் எல்லாம் என்னைச் சர்க்காரிலிருந்து அளக்க வந்தவள் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். கடியப்பட்டணத்தில் இந்த அக்கா ஒருத்திதான், "எத்தன நாளைக்கு மக்கா? ஒரு வருசமா? வச்சுக்க, மாடி சும்மாத்தானே கெடக்கு" என்றாள். அவள் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்துவந்து, நான் கொண்டுபோன மரச் சட்டத்தைக் காற்று தூக்காதபடி மாடியில் கட்டிக்கொடுத்தார்.

சட்டத்தில் இருபத்துநாலு இரும்புத் தகடுகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். பாதிக்குப் பூச்சு பூசியிருந்தேன், பாதி வெறும் இரும்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து இரண்டிலும் மும்மூன்றைக் கழற்றிக்கொண்டு போய், துருவை நீக்கி எடை போட வேண்டும். குறைந்த எடைதான் கடல் தின்றது. எவ்வளவு குறைவாகத் தின்றிருக்கிறதோ அவ்வளவு நல்ல பூச்சு. அக்காவிடம் நான் சொன்னதெல்லாம், பிள்ளைகள் கல்லெறியாமல், துணி காயப்போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான். தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. ஆற்றங்கரையில் வளர்ந்தவளுக்கு அது எப்படித் தோன்றும்? எங்கள் வீட்டு இரும்புக் கேட்டைக் கழுவி நான் பார்த்ததே இல்லை.

மூன்றாம் மாத எடையைப் பார்த்து சார் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். பூச்சு பூசிய தகட்டில் ஒன்றுமே குறையவில்லை, வெறும் தகடுகள் புத்தகத்தில் போட்டிருப்பதைவிட அதிகமாகக் கரைந்திருந்தன. ஆறாம் மாதம் அதையும் மிஞ்சியது. நான் தரையில் கால் பாவாமல் நடந்தேன். உடன் படித்தவர்களிடம் பேச்சோடு பேச்சாக என் தகடுகளைப் பற்றி இழுத்துவிடுவேன். அவ்வளவு பீற்றல்.

நான் எப்போதும் வெள்ளிக்கிழமைதான் போவேன். ஒன்பதாம் மாதம் போக வேண்டிய வெள்ளிக்கிழமை பேய்மழை பெய்து கல்லூரிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் போனேன். அக்கா கீழே இல்லை. மாடி ஏறினால், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு என் சட்டத்துக்கு முன்னால் குந்தியிருக்கிறாள். பக்கத்தில் வாளி. பூச்சு பூசிய தகடுகளைப் பனியன் துணியால், குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல் துடைக்கிறாள். வெறும் தகடுகளைத் தேங்காய் நாரால் வறட்டு வறட்டென்று தேய்க்கிறாள். செம்மண் கரைத்ததுபோல் தண்ணீர் மாடியில் ஓடுகிறது.

"வந்தியா மக்கா? இரி, உனக்க பிள்ளைகளக் குளிப்பாட்டிட்டு இருக்கேன்" என்றாள்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். "நீ வச்சிட்டுப் போன மறு சனியாழ்ச்சையில இருந்துதான். சன்னல் கம்பி கழுவுகம்போ இதையும் கழுவிருவேன். நல்லவெள்ளம் ஊத்தலைன்னா இந்தச் சவத்து உப்பு எல்லாத்தையும் தின்னுரும், கேட்டியா? பெயிண்ட் அடிச்சதுக்கு ஒண்ணுமில்ல. அடிக்காததுதான் பாடாப் படுத்துகு. துருப்பிடிச்சுக் கெடந்தா உனக்க சாரு உன்னியச் சத்தம் போடமாட்டாரா?"

அந்த ஊரில் எல்லா வீட்டிலும் சனிக்கிழமை சன்னல் கம்பியைக் கழுவுவார்கள். மறுநாள் மாதா கோயில் பூசைக்குப் போகும் முன் வீடு துலங்க வேண்டும், இரும்பிலிருந்து உப்பும் இறங்க வேண்டும். என் தகடுகள் அவள் வீட்டு இரும்பாகிவிட்டன, அவ்வளவுதான். பூச்சு பூசியவற்றில் உப்பு தங்கவே இல்லை. வெறும் தகடுகளில் துருவைத் தேய்க்கத் தேய்க்கப் புது இரும்பு வெளியே வந்து அதுவும் துருப்பிடித்திருக்கிறது. வெள்ளிக்கிழமை நான் வரும்போது மறுபடி சிவந்துபோய் இருக்கும், எனக்கு எங்கே தெரியும்! என் பூச்சின் பெருமை முழுக்க அவள் கைவேலை.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். "அக்கா, கழுவக்கூடாது." அதோடு சட்டத்தைக் கழற்றிக்கொண்டு போய், புதுத் தகடு மாட்டி முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். உதவித்தொகை முடிகிற காலம் என்பதும், ஒரு கல்லூரியில் பட்டத்தோடு வந்தால் வேலை என்று சொல்லியிருந்ததும், கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்ததும் என் மண்டையில் ஒரே நேரத்தில் ஓடின. அக்கா பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்தாள். குடித்தேன். குடித்துவிட்டு நான் சொன்னதை இப்போது எழுதவே கூசுகிறது. "உங்களுக்குத்தான் கஷ்டம்க்கா. இன்னும் மூணு மாசந்தான், இதுபோலவே பாத்துக்கிடுங்க" என்றேன். பாதியில் கழுவலை நிறுத்தினால் கடைசி எடை முந்தியவற்றோடு பொருந்தாதே! அடிப்பாவி, அந்த நேரத்திலும் புத்தி எவ்வளவு துல்லியமாக வேலை செய்திருக்கிறது. அக்காவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தான் செய்தது சரிதான் என்று படித்த பிள்ளை வாயாலேயே கேட்டுவிட்டாளே.

"பிளேட்டை யாரும் தொடலியே?" என்று சார் கேட்டார். இல்லை சார் என்றேன். அவர் நம்பினார், நம்பாமல் இருக்க நான் காரணம் எதுவும் கொடுத்ததில்லை. ஆய்வுக் கட்டுரையில், தகடுகள் கழுவப்படாமலும் தொடப்படாமலும் கடற்காற்றில் விடப்பட்டன என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுதும்போது கை நடுங்கியது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. நடுங்கவில்லை. நன்றியுரையில் அக்கா பேரையும் போட்டேன், என்ன நெஞ்சழுத்தம்! ஓர் ஆய்விதழில் வெளியான அந்தக் கட்டுரையை நீக்கிவிடச் சொல்லி இதழுக்கு நான் எழுதியது இந்த மாதம்தான்.

பட்டம் வந்தது, வேலை வந்தது, கல்யாணம் முடிந்தது. அக்காவும் அண்ணனும் வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் சில வருடம் கழித்து அக்கா போன் செய்தாள். மாடியில் ஒரு அறை எடுக்கிறார்களாம். வீட்டுக்குள் இருக்கும் படியை அடைத்துவிட்டு, வெளியே கடலைப் பார்த்த சுவரோடு இரும்புப் படி வைக்கப் போகிறார்களாம். "உனக்க அந்த மருந்து கொஞ்சம் தருவியா?" என்றாள். கடையிலேயே நல்ல பெயிண்ட் கிடைக்கும் அக்கா என்று மழுப்பிப் பார்த்தேன். "கடக்காரன் சொல்லுகத நான் எதுக்கு நம்பணும்? உனக்கது நான் எனக்க கண்ணால பாத்ததுல்லா!" என்றாள். உண்மையைச் சொன்னால்தானே வேண்டாம் என்று சொல்ல முடியும்? ஆய்வகத்தில் என் கையாலேயே கலக்கி, இரண்டு டப்பா கொண்டுபோய்க் கொடுத்தேன். மோசமான பூச்சு இல்லையே, சுமாராவது தேறியதே என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. திருவிழாவுக்கு ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவாள், ஏதாவது சாக்குச் சொல்வேன். போன வருடம் அவள் கூப்பிடவே இல்லை. இந்த வருடமும் இல்லை. அதுதான் உறுத்தியது. கூப்பிடாமலே போனேன்.

முன்னறைக் கட்டிலில் அண்ணன் கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒரு பக்கமாகத் திரும்பி இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை, சிரித்தார். படியில் மேலிருந்து மூன்றாவது தகடு விடிகாலையில் அவர் இறங்கும்போது அப்படியே பிளந்துபோய்விட்டதாம். விழுந்து பதினான்கு மாதமாகிறது. வள்ளத்தில் நிற்க அந்தக் கால் இனி உதவுமா என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வெளியே போய்ப் பார்த்தேன். படியைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். சுவரில் துருக்கறை மட்டும் மேலிருந்து கீழ்வரை இறங்கியிருந்தது.

அக்கா என்னை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். அண்ணன் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னாள். "நீ ஒண்ணும் நெனைக்காத மக்கா. உனக்க மருந்து கொள்ளாம், நல்ல மருந்துதான். எனக்க குத்தந்தான். சனியாழ்ச்ச சனியாழ்ச்ச மேல்பக்கம் கழுவிருவேன். அடிப்பக்கம் எனக்குக் கை எட்டல்ல. அங்கதான் தின்னிருக்கு. ஊர்ல கேட்டவங்ககிட்ட எல்லாம் வெல்டிங்காரன் ஒழுங்காச் செய்யலன்னு சொல்லிட்டேன். உனக்க பேர எடுக்கவே இல்ல. படிச்சு வேலைக்குப் போன பிள்ளைக்கு ஒரு பேச்சு வந்திரப்பிடாதுல்லா."

நான் அழுதேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கழுவினால் அது பரிசோதனையே இல்லை என்பதை, அந்தச் சனிக்கிழமையே எனக்கு அது தெரியும் என்பதை, தெரிந்தும் இன்னும் மூன்று மாதம் கழுவச் சொன்னதை, அவள் கண்ணால் பார்த்தது என் மருந்தை அல்ல, அவள் கைவேலையைத்தான் என்பதை. வீணாகப் பழி சுமந்த வெல்டிங்காரர் வீடு எங்கே என்றும் கேட்டேன். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா அதை இறக்கி வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள்.

"அண்ணைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கழுவாம இருந்திருப்பேனே" என்றாள்.

"சொல்லியிருந்தா முதல்ல இருந்து தொடங்கணும்க்கா. ஒரு வருஷம் போயிருக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கதவு வழியாக முன்னறைக் கட்டிலைப் பார்த்தாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்கிறவள்போலத்தான் கேட்டாள்.

"ஒரு வருசந்தானா மக்கா?"