கப்பலைச் சுரண்டிய பிற்பகல்

ஏப்ரல் 9: அக்கா கிள்ளான் வீட்டில் காலமானார். வயது எழுபத்து மூன்று. ஏப்ரல் 10: தகனம். ஏப்ரல் 24: கருமக்கிரியை. ஏப்ரல் 27: அவருடைய அலமாரி திறக்கப்பட்டது. உள்ளே பட்டுச் சேலைகள் ஒன்பது, கேமரா ஒன்று, பிலிம் சுருள்கள் இரண்டு, அட்டையில் ஒட்டிய கடற்காட்சி ஒன்று. காட்சியின் வானம் ஆரஞ்சு நிறம்.

அந்த வானத்தைப் போட்டவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினேழு.

அக்காவின் நெருங்கிய தோழியின் தந்தையிடம், குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாளக் கார்டுதான் இருந்தது. அவருக்கு வேலை அனுமதி கிடைக்காமல், அந்தக் குடும்பம் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறியது. துறைமுகத்துக்கு வழியனுப்பப் போன அக்கா, அப்பாவின் கேமராவில் ஒரே ஒரு படம் எடுத்தார்: முக்கால் பங்கு மேகம், கீழே சாம்பல் நிறக் கடல், தொலைவில் கடுகளவு கப்பல். தோழியின் முகம் பதிந்த படம் எதுவும் அவரிடம் இல்லை. இருந்தது இந்தக் கப்பல்தான். அதைப் பெரிதாக்கித் தரும்படி, பிரிக்பீல்ட்ஸில் ஸ்டூடியோ வைத்திருந்த மாமாவிடம் கொடுத்தார்.

பள்ளி விடுமுறையை நான் அந்த ஸ்டூடியோவில் கழித்துக்கொண்டிருந்தேன். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு மாமா கையால் வண்ணமிடுவார். தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, எண்ணெய் வண்ணத்தைத் தொட்டு, தாள் தெரியும்படி மெல்லத் தேய்ப்பார். தொலைவுக்கு நீலம், அண்மைக்குப் பழுப்பு. வானத்தின் அடியில் மஞ்சளை ஏற்றினால் விடியல், சிவப்பை ஏற்றினால் அந்தி. ஒரே மலையை ஒரு குடும்பத்துக்கு விடியலாகவும் இன்னொரு குடும்பத்துக்கு அந்தியாகவும் அவர் கொடுத்ததைக் கண்டிருக்கிறேன். நெகட்டிவில் ஊசித்துளை இருந்தால் படத்தில் கறுப்புப் புள்ளி விழும். அதை முதலில் பிளேடு நுனியால் சுரண்டிவிட வேண்டும் என்பது அங்கே மாறாத விதி.

மாமா தேநீர் குடிக்கப் போன ஒரு பிற்பகலில், மேசைமேல் அக்காவின் படம் தனியாகக் கிடந்தது. அவ்வளவு சோகமான வானத்தை ஒருவர் விரும்பி வைத்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. விதிப்படி புள்ளியைச் சுரண்டினேன். பிறகு, காலண்டர்களில் பார்த்திருந்த அத்தனை அந்திகளையும் அந்த ஒரே வானத்தில் ஏற்றினேன். வேலை சுத்தமாக இருந்தது. இன்றும் அதில் குறை சொல்ல மாட்டேன். கீழ் மூலையில் என் பெயரையும் எழுதிவைத்தேன்.

மாமா திரும்பியபோது, படத்தை வாங்கிப்போக அக்காவும் வந்திருந்தார்.

“டேய், கப்பல் எங்கடா?” என்றார் மாமா.

“புள்ளிதானே மாமா இருந்துச்சு. சுரண்டிட்டேன்.”

“ஒரு கப்பலையே முழுங்கிட்டான் லா இவன்.” மாமா அக்காவின் பக்கம் திரும்பினார். “நெகட்டிவ் இருக்கும்மா. நாளைக்கே வேற போட்டுத் தரேன்.”

அக்கா படத்தைச் சன்னலருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். கப்பல் இருந்த இடத்தில் விரலை வைத்து எடுத்தார். வண்ணம் இன்னும் காயவில்லை.

“வேணாம் மாமா. கப்பல் போனப்புறமும் நான் அங்கதான் நின்னேன். இதுதான் சரி.”

நான் அதை என் கைவண்ணத்துக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டேன். பள்ளி திறந்ததும் வகுப்பாசிரியர்வரை எல்லாரிடமும் சொன்னேன். நிலக்காட்சிகளைத் திருத்துவது பின்னாளில் என் நெடுங்காலப் பழக்கமாயிற்று. இப்போது கணினியில் செய்கிறேன். மேகத்தை எந்த அளவுக்கு இருட்டாக்கினால் மழை வரப்போகிறது, எந்த அளவுக்கு இருட்டாக்கினால் மழை விட்டிருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வெறும் கடலை ஒருத்தி ஏன் அவ்வளவு நேரம் பார்த்து நின்றாள் என்பது மட்டும் அன்று தெரியவில்லை.

இன்னும் செய்யாதவை:

பிலிம் சுருள்களை ஸ்கேன் செய்யக் கொடுப்பது. துறைமுகத்தில் எடுத்த அந்த மேகம் அதில் இருந்தால், சாம்பல் நிறத்திலேயே விட்டு அச்சிடுவது.

அக்காவின் கைப்பேசி எண்ணை நிறுத்துவது.

தோழியின் இன்றைய முகவரியை விசாரிப்பது. கிடைத்தால், செய்தியை எழுதுவது.