இத்தா இருக்காத அலீமா

அலீமா பழஞ்சீலையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். பேரப்பிள்ளைக்கு இடுப்புத்துணி எத்தனை இருந்தாலும் போதவில்லை. கிழித்ததையெல்லாம் அலச வாளிக்குள் போட்டாள்.

"உம்மா, அலுமாரியில வாப்பாட சாரம் ரெண்டு சும்மாதானே கெடக்கு. நல்ல மெதுவான துணி," என்றான் மகன் அஸ்மின்.

"சும்மா கெடக்கல்ல. ஆள் வந்தா உடுக்க வெச்சிரிக்கி."

 விவரம் தெரிந்த நாள் முதல் அஸ்மின் கேட்டுவரும் பதில் அது.

மன்னாரிலிருந்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்ன தொண்ணூறாம் ஆண்டு, இவனை வயிற்றில் சுமந்தபடி கற்பிட்டிக் கரையில் வள்ளத்தால் இறங்கியவள் அலீமா. புருஷன் சாஹுல் ஹமீது அவளைக் கரைசேர்த்துவிட்டு, விட்டுவந்த வலையை எடுத்துவருகிறேன் என்று திரும்பிப் போனார். போனவர்தான். வலையும் வரவில்லை, வள்ளமும் வரவில்லை. வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குக் குனிந்து மகனை வளர்த்தாள்.

ஊர் சும்மா இருக்குமா? "இத்தா இரு, அலீமா," என்றார்கள். புருஷன் மௌத்தாகிவிட்டால், இறந்தவருக்காகப் பெண் வெளியே தலைகாட்டாமல் மாதக்கணக்கில் வீட்டுக்குள் இருக்கிற கடமை அது.

"மய்யித்தைக் காட்டுங்க, இரிக்கிறன்," என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தாள். சண்டை முடிந்து பாதை திறந்ததும் மன்னாருக்கும் போய்ப் பார்த்தாள். வீடு இருந்த இடத்தில் உடைமரம் நின்றது. விசாரித்தவர்களெல்லாம் தலையை ஆட்டினார்கள். ஓம் என்றா, இல்லை என்றா என்று விளங்காத ஆட்டல்.

கடலேரியில் பெரிய பட்டம் கட்டிப் பலகையில் சறுக்க வருகிற வெள்ளைக்காரருக்கு அதைப் பழக்குவது அஸ்மினின் தொழில். அப்படி வந்தவள்தான் றிவ்கா, பெல்ஜியத்து யூதப் பெண். "வேதம் எறங்கின சனத்துப் பொண்ணு, நிக்காஹ் கூடும்," என்று பள்ளிவாசல் லெப்பை சிரிக்காமல் சொன்னார். பக்கத்து வீட்டு றைஸாதான் சிரித்தாள்.

"என்ன ராத்தா, யஹூதிக்குச் சோறாக்கப் போறீங்களாமே?"

"எங்களப் போலதான், அவளும் பண்டி தின்னமாட்டாள். உன்ட மருமகள் நீ ஆக்கினதையே தின்னமாட்டாளே!"

கலியாணமாகிப் பேரனும் பிறந்தான். ஏழாம் நாள் முடியிறக்கிப் பெயர் வைப்பது அலீமாவின் வழக்கம். எட்டாம் நாள் சுன்னத்தோடு பெயர் சொல்வது றிவ்காவின் வழக்கம். ஒரு நாள் வித்தியாசம்தானே, ரெண்டையும் செய்வம் என்று சமாதானமாயிற்று. பிள்ளை பிறந்த அன்றே அலீமா கேட்டுவிட்டாள், அஸ்மினுடைய வாப்பாவின் பெயரை வைக்கச் சொல்லி. றிவ்கா கண்கலங்கி மாமியைக் கட்டிப்பிடித்தாள். பெயர் கேட்டதற்கு ஏன் அழுகிறாள் என்று அலீமாவுக்கு விளங்கவில்லை.

இப்போது துணி கிழித்து முடித்து நிமிர்ந்தபோது, அலுமாரியின் மேல் ஒரு கிளாஸுக்குள் மெழுகுதிரி எரிவதைக் கண்டாள். றிவ்கா பிள்ளையோடு கட்டிலில் இருந்தாள்.

"பட்டப்பகல்ல எதுக்கு மகன் திரி?"

அஸ்மின் தயங்கினான். "வாப்பாவுக்காம். அவங்க மௌத்தானவங்கள நெனச்சி ஏத்துறது."

"யார் மௌத்து?"

"கோவப்படாதீங்க உம்மா. அவங்கட வழக்கத்தில மௌத்தானவங்கட பேரைத்தான் புள்ளைக்கு வெப்பாங்க. உசிரோட இரிக்கிறவங்கட பேரை வெச்சா அந்த ஆளுக்கு ஆகாதாம். நீங்க பேரைக் கேட்டதும், மனசு தேறிட்டீங்கண்டு நெனச்சிட்டா."

அலீமா எழும்பிப் போய்த் திரியை ஊதி அணைத்தாள். றிவ்கா மருண்டுபோனாள். "ஸொறி, உம்மா," என்றாள். பிறகு அஸ்மினிடம் மெதுவாக ஏதோ கேட்டாள்.

"என்னவாம்?"

"வாப்பா இரிக்கிறாரெண்டா அந்தப் பேரை வெக்கேலாதாம். தன்ட புள்ளையால ஒரு மனிசன்ட உசிருக்குக் கேடு வரக்கூடாதாம். இல்லையெண்டா சந்தோசமா வெப்பாவாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

புருஷன் பெயரை அலீமா வாயால் சொன்னவளில்லை. வேறு யாராவது இந்த வீட்டுக்குள் அந்தப் பெயரைக் கூப்பிட, ஒரு ஆள் திரும்பிப் பார்க்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

"வெக்காட்டி வேற என்ன பேர்?"

"அவட பாட்டன்ட பேர். யாக்கோப். எங்கட யஃகூப் நபிதான்."

"நல்ல பேர்," என்றாள் அலீமா. நபியின் பெயருக்குக் குறை சொல்ல ஏலுமா?

"அப்ப அதையே வெப்பமா?"

அவள் அலுமாரிக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"நீ அவரட மகன். வாப்பா இல்லையெண்டு உன்ட வாயால சொல்லு. நான் இண்டைக்கே இத்தா இரிக்கிறன். பேரையும் வைங்க, சாரத்தையும் கிழிங்க. சொல்லு மகன், வாப்பா இரிக்கிறாரா, இல்லையா?"

அஸ்மின் றிவ்காவைப் பார்த்தான். அணைந்த திரியிலிருந்து இன்னும் புகை வந்துகொண்டிருந்தது. குனிந்து துணி வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனான்.