எங்கள் ஏற்றத்துக்கு ஒரு இன்ஜின்

எங்கள் குடும்பத்தில் முதல் இரத்தம் சிந்தியது அடிமாலியில் ஒரு வண்டி ஷோரூமின் வெள்ளைத் தரையில். அடித்தவர் என் கணவர். அடிபட்டவன் என் அண்ணன். வாங்கப்போகும் பிக்கப்பில் டீசல் இன்ஜினா, கேஸ் இன்ஜினா என்பதுதான் பேச்சு. அப்படித்தான் அது ஆரம்பித்தது.

வட்டவடையில் எங்களுக்குப் படி படியாக இறங்கும் நிலம் இருக்கிறது. அப்பா போன பிறகும் அண்ணனும் நானும் அதைப் பிரிக்கவில்லை. கேரட், முட்டைக்கோஸ், பூண்டு. என் கணவர் மூணாறு பக்கம் எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர், ஜீப் டிரைவர். கல்யாணமானதும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். அண்ணன் கட்டிக்கொள்ளவில்லை. அவன் தோட்டத்தைப் பார்த்தான், அவர் மூட்டைகளை மூணாறுக்குக் கொண்டுபோனார். நான் காலையில் கேரட் கழுவிவிட்டு ஜீப்பிலும் ஏறிக்கொள்வேன். எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்து லைசென்ஸ் எடுக்க வைத்ததும் அவர்தான்.

பழைய ஜீப்பின் அடிச்சட்டம் விரிசல் விட்டது. இனிமேல் வெல்டிங் நிற்காது என்று ஒர்க்‌ஷாப்பில் கைவிரித்துவிட்டார்கள். சரி, ஒரு பிக்கப் எடுப்போம் என்று மூன்று பேரும் சேர்ந்தே முடிவு செய்தோம். அதுவரை சண்டை இல்லை.

நாங்கள் பார்த்த வண்டியை மூன்று இன்ஜினில் கொடுத்தார்கள். பெரிய டீசல், சின்ன டீசல், கேஸ். கேஸ் வண்டி பெட்ரோலில் கிளம்பி கேஸில் ஓடும். ஓட்டச் செலவு குறைவு என்பதால் அண்ணனுக்கு அதில்தான் ஆசை. கீழே தேனிப் பக்கம் அவன் சிநேகிதன் ஒருவன் அப்படி ஒன்று வைத்திருந்தான். என் கணவருக்குப் பெரிய டீசல். லோடோடு ஏறும்போது இழுவை வேண்டும், கேஸ் தீர்ந்தால் நிரப்ப மலையை விட்டே இறங்க வேண்டும் என்றார். அவர் சொன்னது நியாயம். நானும் டீசல்தான் சரி என்று சொன்னேன்.

அண்ணன் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. தங்கச்சி கட்சி மாறிவிட்டாள் என்கிற பார்வை. பிறகு அவரிடம் திரும்பி, சத்தம் போடாமல் சொன்னான்.

“வீட்டோட வந்து உக்காந்தவனுக்கு இன்ஜின் பாக்குற சோலி எதுக்கு மாப்ள? ஓட்டுறதோட நிறுத்திக்க.”

விற்பனைக்கு நின்ற பையன் மலையாளி. ஆனாலும் அவனுக்கே புரிந்துவிட்டது, கையில் இருந்த காகிதத்தைக் கீழே வைத்தான். என் கணவர் அண்ணனின் வாயில் குத்தினார். ஒரே குத்து. அண்ணன் பின்னால் போய்க் கண்ணாடிக் கதவில் மோதி உட்கார்ந்தான். பல் உதட்டைக் கிழித்து, இரத்தம் தாடையில் இறங்கி, சட்டையை நனைத்தது. துடைக்கவில்லை. உட்கார்ந்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்களை வெளியே போகச் சொன்னார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று இடத்தில் உட்கார்ந்தோம்.

அதோடு ஓய்ந்துவிடும் என்று நினைத்தேன். அண்ணன் சின்ன வயதிலிருந்தே கோபத்தை உடனே செலவழிக்கிற ஆள் இல்லை. ஒரு வாரம் கடந்திருக்கும். நான் மேல் படியில் பூண்டுப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். கீழ்ப் படியில் என் கணவர் தண்ணீர்க் குழாயை மாற்றிப் போடக் குனிந்திருந்தார். அண்ணன் மண்வெட்டியோடு வந்தான். எப்போதும் மண்வெட்டியோடுதான் வருவான், அதனால் நான் நிமிரவில்லை. பச்சை விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவருடைய அலறல்.

மண்வெட்டியின் பின்பக்கத்தால் இடது காலின் முன்னெலும்பில் அடித்திருந்தான். கால் நடுவில் மடங்கி, பாதம் வேறு பக்கம் பார்த்தது. நான் மேல் படியிலிருந்து குதித்து அவன் மேல் விழுந்தேன். முகத்தைப் பிறாண்டினேன், கையைக் கடித்தேன். அவன் தடுக்கவே இல்லை. “விடு புள்ள, ஆளத் தூக்கணும்” என்றான்.

பக்கத்து நிலத்தில் யாரும் இல்லை. அவன் தோளைப் பிடிக்க, நான் இடுப்பைத் தாங்க, சாக்கில் சுற்றிக் கட்டிய காலோடு அவரை ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தோம். அடித்தவன் கழுத்தையே கட்டிக்கொண்டு அவர் வந்தார். வழி முழுக்கக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அண்ணன் சுமந்துகொண்டே வந்தான். வாடகை ஜீப் பிடித்து மூணாறு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் கத்தினார். ஒவ்வொரு கத்தலுக்கும் அண்ணன் கண்ணை மூடினான்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போய், போலீஸ்காரர் ஒருவர் வந்து எப்படி நடந்தது என்று கேட்டார். அண்ணன் வராந்தாவில்தான் நின்றான், ஓடவில்லை. என் கணவர் என்னைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். படியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். போலீஸ்காரர் என் நகத்தைப் பார்த்தார், அண்ணனின் முகத்தைப் பார்த்தார். கேஸ் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். கேரட் நிலத்தில் இருக்கிறது, அவன் உள்ளே போனால் யார் பிடுங்குவது என்றார். அவர் மன்னித்துவிட்டார் என்று நான் நினைத்தது அந்தப் பதில் வரும்வரைதான்.

எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். கிளட்சை மிதிக்கிற கால் அது. வருஷம் ஆனாலும் மலை ரோட்டில் ஓட்ட முடியாது என்று டாக்டர் சொன்னார். ஆகவே வண்டியை ஓட்டப்போவது நான். ஓட்டுகிறவளே இன்ஜினைப் பார்க்கட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் அடிமாலிக்குப் பஸ் ஏறினேன்.

அதே ஷோரூம்தான். அந்தப் பையன் என்னைக் கண்டதும் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தான். மூன்று வண்டியையும் லோடு ஏற்றிச் செங்குத்தான ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அவன் தயங்கி மேனேஜரிடம் போனான். சம்மதித்துச் சிமெண்ட் மூட்டைகள் ஏற்றினார்கள்.

கேஸ் வண்டி சமதளத்தில் சத்தமே இல்லாமல் நன்றாகப் போனது. ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி மறுபடி எடுத்தபோது திணறியது. ஆக்சிலேட்டரை மிதித்து இன்ஜினை உறும விட்டுத்தான் நகர்த்த முடிந்தது. பெரிய டீசல் இழுத்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த இன்ஜினுக்கு வண்டியின் உடலும் நீளமாக வரும். எங்கள் வளைவுகளில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டியிருக்கும், ஒரு பக்கம் கொக்கை, அடி தெரியாத பள்ளம். தவிர எங்கள் ரோட்டில் இரண்டாம் கியருக்கு மேலே போக இடமே கிடையாது, அவ்வளவு வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? சின்ன டீசல் மெதுவாகத்தான் போனது. ஆனால் ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி கிளட்சை விட்டதும் முனகிக்கொண்டு தானாக ஏறியது. இறக்கத்தில் முதல் கியரில் விட்டேன். பிரேக்கைத் தொடாமலே இன்ஜின் லோடைப் பிடித்து இறக்கியது. எனக்கு அது போதும்.

“சேச்சி, வீட்டில சோதிச்சிட்டு மதியோ?” என்று பையன் கேட்டான், வீட்டில் கேட்டுவிட்டு எடுத்தால் போதாதா என்று. வேண்டாம், எழுது என்றேன்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். சின்ன இன்ஜினா என்று ஒருமுறை கேட்டார். ஆமாம் என்றேன். டம்ளர் என் புருவத்தில் வந்து பட்டது. காபி கண்ணில் எரிந்தது, அதற்குள் இரத்தமும் இறங்கி ஒரு பக்கம் பார்வை சிவந்துவிட்டது. இதற்கு முன்னால் அவர் என் மேல் கை வைத்ததில்லை. கட்டிலில் சாய்த்து வைத்திருந்த இரண்டு ஊன்றுகோலையும் எடுத்து வெளியே போய் முட்டைக்கோஸ் பாத்திக்குள் வீசினேன். கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயந்திரம் வரும்போது அவர் தரையில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தார். தவழ்ந்து வந்திருக்கிறார். கால் கட்டு முழுக்கத் தூசி.

“ஏங்க, இனி ஒருதடவ எறிஞ்சா, நான் திரும்பி வரமாட்டேன்” என்றேன். அவர் தலையை ஆட்டினார். தூக்கி உட்கார வைத்தேன்.

வண்டியை நான் ஓட்டிக்கொண்டு வந்த அன்று அண்ணன் ரோட்டின் குறுக்கே நின்றான். டீசல் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பெரியதா சின்னதா என்பதெல்லாம் அவனுக்கு முக்கியமில்லை. டீசல் என்றால் மாப்பிள்ளை ஜெயித்துவிட்டான், அவ்வளவுதான். கையில் கருங்கல் இருந்தது.

“நான் கால ஒடச்சதுக்கு எனக்குப் போட்ட தண்டனையா இது?” என்றான்.

“ஏத்தத்துக்கு எடுத்தேன்ண்ணே. ஒனக்கும் இல்ல, அவருக்கும் இல்ல. தள்ளு.”

அவன் கல்லை எறிந்தான். இடது ஹெட்லைட் நொறுங்கியது. குனிந்து அடுத்த கல்லை எடுத்தான். என் கை தானாகக் கியரைப் போட்டது. கிளட்சை விட்டேன். வண்டி அவனை நோக்கி நேராகப் போனது. அவன் முகத்தில் உதட்டுத் தழும்பு தெரிகிற தூரம் வரை நான் பிரேக்கைத் தேடவில்லை. கடைசியில் அவன்தான் பக்கத்துப் படிக்குள் பாய்ந்தான். வண்டி வரப்பை இடித்து அவனுடைய கேரட் பாத்திக்குள் இறங்கி நின்றது. சக்கரத்துக்கு அடியில் அவன் இரண்டு மாதமாகக் குனிந்து வளர்த்த பயிர் சகதியாகக் கிடந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். அவன் பாய்ந்தது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்த நினைப்புதான் எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணன் எழுந்து முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். என்னையும் பாத்தியையும் மாறி மாறிப் பார்த்தான். “பின்னாடி எடு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அப்புறம் மழை பிடித்தது. அறுவடைக்கு வாடகை ஜீப்புக்காரர்கள் யாரும் எங்கள் இறக்கத்துக்கு வரவில்லை. ஒரு விடியலில் வண்டியின் பின்கதவு இறங்குகிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அண்ணன் தன் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். முன்னால் உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்று லோடு மேல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். முன் சீட்டில் என் கணவர் இருந்தார். காலை நீட்டி வைத்துக்கொண்டு சும்மா கூட வருவார். இருவருக்கும் நடுவில் கம்பி போட்ட பின்கண்ணாடி. மாதக் கணக்கில் அப்படியே போனோம்.

கோவிலூரைத் தாண்டி ஒரு ஏற்றத்தில் மண் சரிந்து ரோடெல்லாம் சேறாகிக் கிடந்த அன்று சக்கரம் சுழல ஆரம்பித்தது. அண்ணன் குதித்துப் பின்னால் தள்ளினான். போதவில்லை. என் கணவர் கதவைத் திறந்து நொண்டிக்கொண்டு இறங்கினார். கண்ணாடியில் பார்த்தேன், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் தோளைக் கொடுத்திருந்தார்கள். சேறு இருவர் முகத்திலும் அடித்தது. அண்ணன், எந்தக் காலை ஊன்றுகிறாய் முட்டாளே என்று கத்தினான். அவர் அவன் அம்மாவை இழுத்துப் பதில் சொன்னார். அது என் அம்மாவும்தான்.

இத்தனை மாதத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான். சக்கரம் பிடித்துவிட்டது. அந்த இடத்தில் நிறுத்தினால் மறுபடி எடுக்க முடியாது. நான் நிறுத்தாமல் முதல் கியரிலேயே மேலே ஏறிப் போனேன். அவர்கள் திட்டிக்கொண்டே பின்னால் நடந்து வந்தார்கள்.