எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ள வேண்டாம்

குன்னத்தில் கட்சிக் கூட்டம் என்றால் எனக்கு ஒரு இடத்தில் உடம்பு சிலிர்த்துவிடும். "ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்" என்று மைக்கில் சொல்லி முடிப்பார்கள். கைதட்டல் எழுவதற்குள் ஒரு சின்ன இடைவெளி விழும். அதில் என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமுவது கேட்கும். அவர் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. பிரமை என்பீர்கள். அப்படியானால் முன்வரிசையில் நாலைந்து பேர் எதற்குத் திரும்பிப் பார்க்கிறார்கள்?

அவர் எங்கள் வீட்டு முன்னாலேயே ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கட்சி உறுப்பினர். என்னையும் அவர்தான் சேர்த்துவிட்டார். கட்சியின் சட்டதிட்டப் புத்தகம் அவருக்கு மனப்பாடம். கிளைச் செயலாளரை உறுப்பினர்கள் ரகசியமாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நடப்பது வேறு. ஒன்றியச் செயலாளர் ஒரு பெயரை வாசிப்பார், நாங்கள் கைதட்டுவோம். எவனாவது போட்டிக்கு நின்றால் ஓரமாகக் கூட்டிப்போய்த் தோளில் கை போட்டுப் பேசுவார்கள், வாபஸ் வாங்கிவிடுவான். எல்லாக் கட்சியிலும் இதே கூத்துதானே என்பேன் நான்.

"அப்புறம் எதுக்கு புள்ள புஸ்தகம் அடிச்சானுங்க?" என்பார். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

போன கிளைத் தேர்தலில் அவரே செயலாளர் பதவிக்கு மனு கொடுத்தார். தோளில் கை போட்டுப் பார்த்தார்கள், மசியவில்லை. தேர்தலன்று மண்டபத்துக்குக் கடையிலிருந்து வறுக்கி பிஸ்கட் போட்டு வைக்கும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூடியில் ஓட்டுச் சீட்டு நுழைகிற அளவுக்குக் கத்தியால் கீறியிருந்தார்.

"பெட்டி இல்லைம்பீங்கன்னுதான் கொண்டாந்தேன். நான் தோத்தாலும் பரவால்ல. ஓட்டப் போட்டு எண்ணுங்க, போதும்."

மண்டபமே சிரித்தது. ஒன்றியச் செயலாளர் எங்கள் கடையில் டீ குடித்து வளர்ந்தவர், என் வீட்டுக்காரரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். "அண்ணே, உள்ள வறுக்கி இருந்தா குடுங்க" என்றார். இன்னும் சிரித்தார்கள். பிறகு கையிலிருந்த பெயரை வாசித்தார். நான் பெண்கள் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரமே கட்சிப் பத்திரிகையில் வந்துவிட்டது. கட்டுப்பாட்டை மீறியதால் அவர் நீக்கப்படுகிறார், கட்சியினர் யாரும் அவருடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் கடைக்கு வந்துகொண்டிருந்த கட்சிக்காரர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். பழக்கதோஷத்தில் இந்தப் பக்கம் திரும்பி, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

பத்திரிகை வந்த அன்று மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டேன். அவர் சுவரைப் பார்த்துப் பேசினார். "கட்சிக்காரங்க யாரும் என்கூடத் தொடர்பு வச்சுக்கக் கூடாது. இந்த வூட்டுல ஒரு கட்சிக்காரி இருக்கு." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாளும் சுவரோடுதான் பேசினார். அதற்கு மறுநாள் வாசலில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியிடம். "ஒரு டீ இருந்தா நல்லாருக்கும்னு சொல்லு" என்று ஆட்டுக்குட்டிக்கு உத்தரவு போட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனுஷன் விளையாடவில்லை.

"என் கட்சிக் கார்டக் கொண்டாங்க, அடுப்புல போடுறேன்! எனக்குக் கட்சியும் வேணாம் கருமமும் வேணாம்" என்று கத்தினேன்.

சுவர் அதிரக் கத்தினார் அவர். "உள்ள ஒரு ஆளாவது இருக்கணும். என்னிக்காச்சும் ஒருநாள் ஓட்டு வப்பாங்க. அன்னிக்குப் போட ஆள் வேணும்."

அதனால் நான் உறுப்பினராகவே இருந்தேன். அவர் சுவரோடு பேசினார். பருத்தி எடுத்து, மக்காச்சோளம் ஒடித்து, அடுத்த வெங்காயமும் ஊன்றியாயிற்று, அவர் மாறவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது பெரம்பலூர் பெரியாஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏதாச்சும் பேசுங்க" என்று கெஞ்சினேன். ஆம்புலன்ஸ் கூரையைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். ஊரெல்லாம் அவரைக் கொள்கை வீரர் என்கிறது. எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. சட்டம் போட்டவன் எவனோ, பட்டினி கிடந்தது என் காது. இப்போதும் சாயங்காலம் சுவர்ப் பக்கமிருந்து "ஒரு டீ இருந்தா நல்லாருக்கும்" என்று கேட்கும். போட்டு வைக்கிறேன், ஆறிப்போகிறது.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. செத்தால் உடம்பில் கட்சிக்கொடி போர்த்த வேண்டும். நீக்கப்பட்டவருக்குக் கொடி கிடையாது. உடம்பை வாசலில் கிடத்தியிருந்தோம். பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். தெரு நிறையக் கட்சிக்காரர்கள். செத்தவரோடு தொடர்பு வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஒன்றியச் செயலாளர் போனும் கையுமாக என்னிடம் வந்தார்.

"மேல பேசிட்டேன் அண்ணி. அண்ணன் சார்பா ஒரு மன்னிப்புக் கடுதாசி, நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும். உடனே சேத்துக்குவாங்க. கொடி வண்டியிலயே இருக்கு."

கொடி வண்டியில் இருக்கிறது என்றதும் எனக்கு மனசு ஆடிவிட்டது. அவர் கேட்ட ஒரே பொருள் அதுதானே. பேனாவை வாங்கிவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்தேன். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தெருவைப் பார்த்துக் கத்தினேன்.

"எல்லாரும் கட்சிக்காரங்கதானே நிக்கிறீங்க? ஓட்டு வைங்கன்னு கேட்டது தப்பா? தப்பில்லைங்கிறவங்க கையத் தூக்குங்க. பாதிப்பேரு தூக்கிட்டா மன்னிப்பும் கிடையாது ஒண்ணும் கிடையாது, அந்தக் கொடியக் கொண்டாந்து போத்தணும்!"

பறை நின்றது. எல்லாரும் ஒன்றியச் செயலாளர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் போனைப் பார்த்தார். ஒரு கைகூட எழவில்லை. கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் கோடித்துணியோடுதான் போனார்.

பால் தெளித்த மறுநாளிலிருந்து ஒவ்வொருத்தராக வர ஆரம்பித்தார்கள். ரேஷன் கடை வரிசையில் ஒருத்தர் காதோடு சொன்னார், "மனசுக்குள்ள தூக்கினேன் அக்கா." பருத்திக் காட்டு வரப்பில் ஒருத்தர். அரியலூர் பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து எட்டி ஒருத்தர். எல்லாரும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டே சொன்னார்கள். கேட்கக் கேட்கத்தான் எனக்குப் புரிந்தது. மூடி வைத்து எண்ணு என்றுதானே அந்த மனுஷன் தலையால் தண்ணீர் குடித்தார்? நான் போய்க் கையைத் தூக்கச் சொல்லித் தோற்கடித்துவிட்டேனே, அவர் முகத்துக்கு முன்னாலேயே!

கடைசியாக ஒன்றியச் செயலாளர் வந்தார். கூட ஆள் இல்லை, தனியாக பைக்கில். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. கண் கலங்கியிருந்தது. "டப்பாவுல போடச் சொல்லியிருந்தா நானும் அண்ணனுக்குத்தான் போட்டிருப்பேன் அண்ணி" என்றார்.

அத்தனை பேரும் அவர் பக்கம் என்றால் அன்றைக்கு எங்கள் தெருவில் எதிரே நின்றது யார்?

"இத வெளிய போய்ச் சொல்லுங்க தம்பி" என்றேன்.

தலையாட்டிக்கொண்டே வாசலுக்குப் போனார். எதிர்க்கடையில் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், எல்லாம் எங்கள் கிளை ஆட்கள்தான். அவரைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் வைத்தார்கள். பதிலுக்குக் கை காட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.