நெற்றியைத் தொட்டுப் பார்த்த காலைகள்

மாமல்லபுரத்தை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்தில் அங்கன்வாடி டீச்சராக இருக்கிறேன். ஒரே அறை, பின்னால் சமையல்கட்டு, முன்னால் தகரம் போட்ட வராண்டா. இந்தப் பக்கம் சிற்பப் பட்டறை, அந்தப் பக்கம் வலை உலர்த்துகிற மணல்வெளி. கல் அறுக்கிற மெஷின் ஓடத் தொடங்கினால் நான் சொல்வது கடைசி வரிசைப் பிள்ளைகளுக்குக் கேட்காது. அவர்களும் அதைக் கேட்க வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்படுவதில்லை.

இங்கே வருகிற பிள்ளைகள் எல்லாரும் ஆறு வயதுக்குக் கீழே. ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தால் அந்த வாரமே அறை முழுக்க இருமல் கேட்கும். ஒரே பாயில் தூங்குவார்கள், ஒருவர் கடித்த முறுக்கை இன்னொருவர் வாங்கிக் கடிப்பார்கள். பல வருஷம் இதை நானும் ஒரு பெரிய விஷயமாக நினைத்ததில்லை. பிள்ளைகள் என்றால் மூக்கு ஒழுகத்தான் செய்யும் என்று இருந்தேன். அந்தப் பையன் வந்த பிறகுதான் எல்லாம் மாறியது.

அவனுக்கு அப்போது நாலு வயது. அப்பா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். அம்மா கரையில் மீன் வெட்டிக் கொடுப்பவள். முதல் நாள் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தபோது நல்ல கொழுகொழுப்பான பிள்ளை என்றுதான் நினைத்தேன். அவள் என்னை வராண்டா ஓரத்துக்குக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள். கொழுப்பு இல்லையாம், மருந்தால் வந்த ஊதலாம். சிறுநீரகத்தில் கோளாறு. உடம்பில் இருக்க வேண்டிய சத்து சிறுநீரோடு போய்விடுகிறது. அதற்குக் கொடுக்கிற மாத்திரை முகத்தை உப்ப வைக்கிறது, கூடவே நோயை எதிர்க்கிற சக்தியையும் குறைத்துவிடுகிறது. சாதாரண சளி வந்தால்கூடக் கண்ணும் காலும் வீங்கி, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். டாக்டர்தான் அனுப்பச் சொன்னாராம். பூட்டி வைத்து வளர்க்க வேண்டாம், மற்ற பிள்ளைகளோடு விளையாடட்டும். சளி, காய்ச்சல் உள்ள பிள்ளைகள் பக்கத்தில் மட்டும் விடாதீர்கள் என்றாராம். இன்னொன்றும் சொல்லியிருந்தார். அம்மை போட்ட பிள்ளையோடு இவன் இருந்தது தெரிந்தால், இவனுக்கு முத்து வரும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே ஓடி வர வேண்டும்.

"உங்கள நம்பித்தான் டீச்சர் வுடறேன்" என்றாள் அவள்.

அன்றைக்கிருந்து நானும், இங்கே சமைக்கிற ஆயாம்மாவும் சில பழக்கங்களை ஏற்படுத்தினோம். ஒரு பழைய வலைத்துண்டில் சோப்பைப் போட்டுக் குழாயில் கட்டினோம். உள்ளே வரும் முன்னும் சாப்பிடும் முன்னும் எல்லாரும் கை கழுவ வேண்டும். ஆளுக்கொரு டம்ளர், மேலே பூ, மீன், படகு என்று பெயிண்டால் வரைந்து வைத்தோம். பாய்களைத் தள்ளிப் போட்டோம். பொம்மைகளைத் தினமும் சாயங்காலம் கழுவி வெயிலில் வைத்தோம். காலையில் நான் வாசலிலேயே நின்று ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியையும் தொட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவேன்.

பையனுக்கு இதெல்லாம் தனக்காகத்தான் என்று தெரியும். அதனால் அவனும் ஒரு வேலையை எடுத்துக்கொண்டான். என் பக்கத்தில் நின்று வருகிறவர்களின் மூக்கைப் பார்ப்பான். ஒழுகினால், "டீச்சர், இவுனுக்கு வுடுது" என்று ரொம்பப் பொறுப்பாகச் சொல்வான். உப்பில்லாத சாப்பாடு அவனுக்கு வீட்டிலிருந்து தனி டப்பாவில் வரும். மற்ற பிள்ளைகள் கலவை சாதம் சாப்பிடும்போது அவன் தன் டப்பாவைத் திறந்து, யாரும் கேட்காமலேயே, "எனுக்கு உப்பு ஆவாது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுவான். ஆயாம்மா சமையல்கட்டுக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவாள்.

பிள்ளைகளைப் பழக்கிவிட்டோம். தாய்மார்களைப் பழக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. காய்ச்சலோடு வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் அந்தப் பெண்கள் எங்கே போவார்கள்? பெரும்பாலானவர்கள் ஈசிஆர் ரோட்டு ஹோட்டல்களிலும் ரிசார்ட்டுகளிலும் துப்புரவு வேலை செய்பவர்கள். ஏழு மணி பஸ்ஸை விட்டால் அன்றைய வேலை போயிற்று. ஒரு பெண், அவளுக்கு மூன்று வயது மகள், புருஷன் அவளோடு இல்லை, ஒருநாள் இருமுகிற பிள்ளையோடு என் முன்னால் நின்று கேட்டாள்: "லீவு போட்டா அடுத்த நாளு அந்த எடத்துல வேற ஆள் நின்னுகினு இருப்பா டீச்சர். நான் இன்னா செய்யட்டும்?"

கடைசியில் ஒரு வழி செய்தோம். உடம்பு சரியில்லாத பிள்ளை வந்தால் உள்ளே விடாமல் வராண்டாவில் பாய் போட்டு ஆயாம்மா பார்த்துக்கொள்வாள், தாய் வேலை முடிந்து வந்து கூட்டிப்போவாள். சட்டப்படி அது சரியா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. பெண்கள் ஓரளவு சமாதானம் ஆனார்கள். ஆனாலும் வராண்டாவில் பிள்ளையை விட யாருக்குத்தான் மனசு வரும்? காற்றும் மணலும் அடிக்கும். சில பேர் காலையில் காய்ச்சல் சிரப்பைக் கொடுத்துக் கூட்டி வருவார்கள். நான் தொடும்போது நெற்றி ஜில்லென்று இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மருந்தின் வேகம் இறங்கி உடம்பு கொதிக்கும். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வந்ததில்லை.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அந்த வருஷம் பையன் ஒரே ஒரு முறைதான் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தது. மாத்திரையைக்கூடக் குறைத்தார்கள். முகத்தின் ஊதல் கொஞ்சம் வற்றி, அம்மாவின் சாயல் தெரியத் தொடங்கியது. "இதான் டீச்சர் என் புள்ளையோட மூஞ்சி" என்று அவள் ஒருநாள் அவன் தாடையைப் பிடித்து எனக்குக் காட்டினாள்.

மாசி மாதம் முடிகிற சமயம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. முன்பு சொன்னேனே, புருஷன் தன்னோடு இல்லாத அந்தப் பெண், அவள் வீட்டுக்குக் கருங்குழியிலிருந்து அக்கா மகன் வந்து தங்கிவிட்டுப் போயிருந்தான். ஊருக்குப் போன பிறகுதான் அவனுக்கு அம்மை போட்டது. அங்கே வாசலில் வேப்பிலை செருகினார்கள். அது கருங்குழித் தெருவுக்குத் தெரிந்தது. இங்கே எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஒரு திங்கட்கிழமை அவள் மகளைக் கொண்டுவந்து விட்டாள். தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. மூக்கும் ஒழுகவில்லை. குழந்தை மட்டும் கொஞ்சம் சோர்ந்திருந்தாள். பையன் அவளோடு கூட்டாஞ்சோறு விளையாடினான். மதியம் அவள் சாப்பிடாமல் சுருண்டு படுத்தாள். தொட்டால் அனல். வராண்டாவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தாய்க்குப் போன் செய்தேன், பறந்து வந்தாள். காலையில் லேசாகச் சுட்டதாகவும் சிரப் கொடுத்ததாகவும் அவளே சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் அவளிடமிருந்து போன் வந்தது.

"டீச்சர், புள்ளைக்கு முத்து போட்டுகீது. மாருல, முதுவுல எல்லாம் கீது. அந்தத் தம்பிய மொதல்ல பாருங்க."

அம்மை வந்த வீட்டில் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசமாட்டார்கள். அம்மா வந்திருக்கிறாள் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவள் அந்த வழக்கத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு முதலில் என்னைத்தான் கூப்பிட்டாள். இதை நான் அப்புறம் பலரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

நான் நேராகக் கரைக்குப் போனேன். பையனின் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கத்தியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் பையனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினாள். செங்கல்பட்டில் அவனைத் தனியாக வைத்துப் பார்த்து ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். சீக்கிரம் வந்தது நல்லது என்று டாக்டர் சொன்னாராம். இந்த ஊசி பெரும்பாலும் காப்பாற்றும், எல்லாருக்கும் முழுசாகத் தடுக்கும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னாராம்.

அங்கன்வாடியைப் பினாயில் போட்டுக் கழுவினோம், பாய்களைக் கொதிக்கிற வெயிலில் காயப்போட்டோம். இன்னும் சில பிள்ளைகளுக்கு முத்து போட்டது. எல்லாரும் வேப்பிலைப் படுக்கையில் கிடந்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வடுக்களோடு எழுந்து ஓடினார்கள். பையனுக்கு ஒன்றும் வரவில்லை. மூன்று வாரம் தாண்டியது. தப்பித்துவிட்டான் என்றே ஆயாம்மா சொல்லிவிட்டாள். அப்படிச் சொல்லாதே என்று அவள் வாயை நான் அடைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அவனுக்குப் போட்டது. மற்ற பிள்ளைகளுக்குப் போட்ட மாதிரி இல்லை. வாய்க்குள்ளும் தொண்டையிலும் வந்து, நெஞ்சுக்குள் இறங்கி, மூச்சு வாங்கத் தொடங்கியது.

நான் திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸில் போய் அவனைப் பார்த்தேன். தனி அறை. மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினான். நான் கதவைத் தாண்டிக் காலை எடுத்து வைத்ததும் கையை மெல்லத் தூக்கி நிற்கச் சொன்னான்.

"உள்ள வராத டீச்சர். ஒட்டிக்கும்."

எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டுவிட்டது, இனி ஒட்டாது என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. அவன் அம்மா, "வெளியவே நில்லுங்க டீச்சர், அவன் பேஜாராவறான்" என்றாள். கதவருகிலேயே நின்று பேசிவிட்டு வந்தேன். பட்டறையில் பெரிய யானை ஒன்று செதுக்குகிறார்கள் என்று சொன்னேன். தும்பிக்கை வைத்தாயிற்றா என்று கேட்டான். இல்லை, நீ வந்து பார்ப்பதற்குள் வைத்துவிடுவார்கள் என்றேன்.

அந்த வாரக் கடைசியில் அவன் போய்விட்டான்.

குப்பத்தில் பேசாத பேச்சு இல்லை. ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்றார்கள் சிலர். சிரப் கொடுத்து அனுப்பியவள்தான் காரணம் என்றார்கள் சிலர். அந்தப் பெண் தெருக் குழாய்க்கு வருவதை நிறுத்தினாள். மகளை அங்கன்வாடிக்கு அனுப்புவதையும் நிறுத்தினாள். வேலைக்குப் போகும்போது குழந்தையை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறாள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். பூட்டிய கதவுக்குள் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் கூப்பிட்டதும் குழந்தை ஜன்னலுக்கு வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். மறுநாளிலிருந்து நானே போய் அழைத்து வந்தேன். தாய் தடுக்கவில்லை.

பையனின் அம்மா பல வாரம் கரைக்கு வரவில்லை. அவன் சாப்பாட்டு டப்பா எங்களிடம் இருந்தது. அதைக் கொடுக்கப் போனேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"நாம செய்யாம வுட்டது ஏதாச்சும் கீதா டீச்சர்?"

இல்லை என்றேன். எல்லாவற்றையும் செய்தோம் என்றேன். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மை அவளுக்கும் எனக்கும் எந்த ஆறுதலும் தரவில்லை. ஏதாவது விட்டுப்போயிருந்தால்கூட அதன்மேல் பழியைப் போட்டுவிட்டு அழுதிருக்கலாம்.

"அவ மேல எனுக்குக் கோவம் வரல" என்றாள் அவள். "வரணும்னு பாக்கறேன். வரல. நானும் அந்த மாதிரி மருந்து குடுத்துட்டு வேலைக்கிப் போனவதான், பெரியவன் கைக்கொழந்தையா இருக்கச்சே."

அவளுக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான், மதுராந்தகத்தில் மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறான். அன்றுதான் அவனைப் பற்றி என்னிடம் பேசினாள்.

அப்புறம் மழைக்காலம் வந்தது. ஒருநாள் காலை கடல் கொந்தளித்து யாரும் படகை இறக்கவில்லை. வாசலில் நின்று நெற்றிகளைத் தொட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் மகளோடு வந்தாள். வந்ததும் அவளே சொன்னாள், காய்ச்சல் இருக்கிறது, மருந்து கொடுக்கவில்லை என்று. வராண்டா முழுக்கச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே மற்ற பிள்ளைகள். அவள் பஸ் வருகிற ரோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

பையனின் அம்மா பால் வாங்கிக்கொண்டு அந்த வழியாகப் போனவள் நின்றாள். அந்தச் சாவுக்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அவள் நடந்து வந்து குழந்தையின் நெற்றியைத் தொட்டாள். பிறகு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நீ போ. நான் வூட்டுல வெச்சு பாத்துக்கறேன்" என்றாள். "என் வூட்டுல இப்ப ஒட்டறதுக்கு யாரும் இல்ல."

அந்தப் பெண் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். பஸ் வந்தது, நிற்காமல் போனது. இன்னொன்றைப் பிடித்துக்கொள் என்று பையனின் அம்மாவே அதட்டி அனுப்பி வைத்தாள். சாயங்காலம் குழந்தைக்குக் கஞ்சி கொடுத்துத் தூங்க வைத்திருந்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது.

இப்போது எங்கள் அங்கன்வாடியில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் வராண்டாவில் போடுவதில்லை. அவள் வீட்டுக்குப் போகிறார்கள். மீன் வெட்டுவதை விடியற்காலையோடு நிறுத்திக்கொண்டுவிட்டாள். தாய்மார்களும் சிரப் கொடுத்து ஏமாற்றி அனுப்புவதில்லை, அதற்கு அவசியமும் இல்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சளி பரவுவது குறைந்திருக்கிறது என்று செவிலியர் அக்கா வந்தபோது பாராட்டினார். நான் தலையாட்டினேன். அவள் வீட்டில் அந்த நேரம் ஒரு பிள்ளை இருமிக்கொண்டு படுத்திருந்தது. போன முறை நான் எட்டிப் பார்த்தபோது அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, ஈரத்துணியைப் பிழிந்து நெற்றியில் போட்டபடி அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை. சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன்.