நூற்றிருபது டிகிரியில் ஒரு மேடு

வன்னியபெருமாள் பணகுடியிலிருந்து வண்டியேறி மலையாள நாட்டுத் தம்பானூரில் இறங்கியபோது அவருக்குப் பத்தொன்பது வயது. நல்ல பசி. ஸ்டேஷனுக்கு எதிரே முதலில் கண்ணில் பட்ட ஓட்டலுக்குள் சாப்பிடப் போனவர், பதினொரு வருடம் கழித்துத்தான் வெளியே வந்தார். அவர் உள்ளே போன அன்றைக்குக் காலையில்தான் அங்கே ஒரு சப்ளையர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போயிருந்தார்; அந்த வேலை இவருக்கு.

அந்த ஓட்டலை மூடிய நாளில் முதலாளி ஆளுக்கு ஒரு சாமானை எடுத்துக்கொள்ளச் சொன்னார். விவரமானவர்கள் மிக்சியையும் குக்கரையும் தூக்கினார்கள். வன்னியபெருமாள் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டார். எட்டு டம்ளர் நிற்கும் சதுரத் தட்டு, முகம் பார்க்கலாம். அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நிற்பது அவருக்கு அப்படிப் பழகிப்போயிருந்தது. தட்டு இல்லாவிட்டால் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியாது. கல்யாணப் போட்டோவில்கூட மாலைக்குக் கீழே இரண்டு கைகளும் எதையோ தேடுவதுபோல் மடங்கியிருக்கும்.

தட்டோடு போய்ச் சேர்ந்த இடம், ஊருக்கு வெளியே ஒரு மேட்டின் மேல் இருந்த பொறியியல் கல்லூரியின் கேன்டீன். கிளாஸ் கழுவும் வேலை. அங்கே அவருக்குப் பெயர் கிடையாது. "ஏய், சாயா!" என்றால் திரும்ப வேண்டும்.

தொண்ணூற்றிரண்டில் நீலகண்டன் சார் அந்தக் கல்லூரியில் மைக்ரோவேவ் லேப் தொடங்கினார். ஸ்ரீவராகத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர். மின்புலம், காந்தப்புலம், அலைகள் என்று கரும்பலகை நிறைய எழுதுவார்; பிள்ளைகள் பேயறைந்தவர்கள்போல் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பலகை நிறைந்தால் அவருக்கு ஒரு காப்பி வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது பலகை நிறையும்.

"ஓய் பெருமாள், கேன்டீனுக்கும் லேபுக்குமா நீர் நடக்கற நடைல சபரிமலையே போயிட்டு வந்துடலாம். பேசாம லேபிலயே இருந்துடும்" என்றார் ஒருநாள். சொன்னதோடு நில்லாமல் ஆபீசுக்கு ஒரு கடிதமும் எழுதினார். அப்படித்தான் வன்னியபெருமாள் தற்காலிக அட்டெண்டர் ஆனார். ஒவ்வொரு ஜூன் மாதமும் சார் ஒரு கையெழுத்துப் போட்டால் அடுத்த ஜூன் வரை வேலை.

லேபில் முதன்முதலாக நடந்த சோதனை, ஹார்ன் ஆன்டெனா எந்தத் திசையில் எவ்வளவு அலை வாங்குகிறது என்று பார்ப்பது. புனல்மாதிரி வாய் விரிந்த இரண்டு பித்தளைக் குழாய்கள். ஒன்று அலையை விடும், அது அசையாது. எதிரே இருப்பது வாங்கும். அதைப் பத்துப் பத்து டிகிரியாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் மீட்டரில் முள் எங்கே நிற்கிறதென்று குறித்துக்கொள்ள வேண்டும். முழுச் சுற்றும் முடிந்து வரைபடத்தில் போட்டால் ஓர் இலைமாதிரி வரும்.

அன்றைக்கு நீலகண்டன் சார் தானே திருப்பி, தானே குறித்தார். இடையிடையே காப்பி. காப்பியை ஒரே மூச்சில் குடிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. அறுபது டிகிரிக்கு ஒரு வாய். டம்ளர் காலியாகட்டும் என்று வன்னியபெருமாள் காத்து நின்றார். லேபில் மூன்று மின்விசிறி உண்டு, சுற்றுவது ஒன்றுதான். அதன் கீழே, மூன்றாவது ஜன்னல் பக்கம், தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

வரைபடத்தில் இலை வந்தது. கூடவே, நூற்றிருபது டிகிரியில் சின்னதாக ஒரு மேடும் வந்தது.

"ஆன்டெனான்னா பக்கத்துல ஒரு லோப், ஒரு குட்டி இலை, இருக்கத்தான் செய்யும்" என்று சார் சொல்லி, அதையே மாதிரி வரைபடமாக லேப் கையேட்டில் ஒட்டிவிட்டார்.

அதிலிருந்து வருடா வருடம் பிள்ளைகள் வந்தார்கள். குழாயைத் திருப்பினார்கள். அவர்கள் எதையாவது உடைத்துவிடப் போகிறார்களே என்று வன்னியபெருமாள் அதே மின்விசிறியின் கீழே தட்டோடு நின்று காவல் காத்தார். மேடு வருடம் தவறாமல் வந்தது. ரெகார்டு நோட்டுகளில் ஏறியது, கையெழுத்து வாங்கியது. பிள்ளைகள் அவரை "பெருமாள் அண்ணா" என்றார்கள். பணகுடியில் அவருடைய மைத்துனர், "எங்க மச்சான் கரண்டு லேபுக்கு இன்சார்ஜ்" என்று சொல்லித் திரிந்தார். வன்னியபெருமாள் அதைத் திருத்தப் போகவில்லை.

அவர் மனைவி ஆவுடைத்தாய் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடிப்பவள். அவளுக்கு மட்டும் இந்த விஷயத்தில் நம்பிக்கை வரவேயில்லை.

"அலைங்கீகளே, கடல்ல வருதே அதுவா?"

"அது தண்ணி அலை. இது கரண்டு அலை. கண்ணுக்குத் தெரியாது."

"கேக்குமா?"

"கேக்காது."

"பொறவு இருக்குன்னு எப்படிக் கண்டீக?"

"முள்ளு ஆடும்லா."

"எங்க கடைக்கு எதுத்த பலசரக்குக் கடையில தராசு முள்ளு நாள் பூரா ஆடுது. அவன் அதுக்குக் காலேஜா கட்டியிருக்கான்?"

இரண்டாயிரத்து நாலில் நீலகண்டன் சார் ஓய்வுபெற்றார். லேப் ஜெபமலர் டீச்சர் கைக்கு வந்தது. மார்த்தாண்டத்துக்காரி, நியாயமானவர், ஆனால் எதையும் கண்ணால் பார்க்காமல் எழுத மாட்டார். வந்த முதல் வாரமே, "அண்ணே, இனி லேபுக்குள்ள டீ காப்பி ஒண்ணும் வேண்டாம் கேட்டியளா. கருவி மேல சிந்திச்சின்னா போச்சு" என்று சொல்லிவிட்டார்.

அதன் பின்னாலேயே ஆபீசிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தேவையில்லாத லேப்களில் இருக்கும் தற்காலிக அட்டெண்டர்களைக் கேன்டீனுக்கு அனுப்ப வேண்டும். தேவைதான் என்றால் காரணம் எழுத வேண்டும்.

வன்னியபெருமாள் கையைக் கட்டிக்கொண்டு போய் நின்றார். தட்டுக்குத் தடை வந்ததிலிருந்து கைகளுக்குப் போக்கிடம் இல்லை.

"டீச்சர் ஒரு வார்த்தை எழுதினா..."

"எழுதலாம் அண்ணே. என்னன்னு எழுத? லேபுக்கு நீங்க எதுக்கு வேணும்னு எனக்குத் தெரியணும்லா. பிராக்டிகல் எக்ஸாம் முடியட்டும். பாத்துட்டு எழுதுதேன்."

வன்னியபெருமாள் மூன்று நாள் யோசித்தார். லேபுக்கு அவர் எதற்கு வேண்டும்? தூசி தட்டினார். அதைத் துணியும் செய்யும். காப்பி கொடுத்தார். அது இப்போது குற்றம். நின்றார். நிற்பதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

பரீட்சை அன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ராஜையன் சார், பெரிய மீசை, கொஞ்சம் சிரிப்பு. வன்னியபெருமாள் வராந்தாவில் நின்றுகொண்டார். மணி பதினொன்று இருக்கும். பிரவின்ராஜ் என்ற பையன் வேர்த்து வழிய ஜன்னலுக்கு வந்தான். சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருப்பவர் மகன். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவான்.

"அண்ணா, நம்ம மேடு வரல!"

"எங்க போச்சு?"

"அறியில்ல அண்ணா. நீலகண்டன் சார் இருந்தப்ப எடுத்த ரெகார்டுல உண்டு. இப்ப திருப்பினா முள்ளு செத்துக் கிடக்கு."

"மீட்டரை ஒரு தட்டு தட்டிப் பாத்தியா?"

"ரெண்டு தட்டு தட்டியாச்சு."

முன்னால் பரீட்சை எழுதிய எட்டுப் பேருக்கும் மேடு வரவில்லைதான். அவர்கள் அதற்காக அலட்டிக்கொள்ளாமல் ஞாபகத்திலிருந்து எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். பிரவின்ராஜுக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. ராஜையன் சார் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"ரெகார்டுல இருக்க இந்த மேடு என்னது?"

"சைடு லோப் சார்."

"ஹார்ன் ரெண்டு பக்கமும் ஒரேமாதிரிதானே இருக்கு? இடப்பக்கம் ஒண்ணு வந்தா வலப்பக்கமும் ஒண்ணு வரணுமே. அது எங்க?"

பிரவின்ராஜ் ஜெபமலர் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் கையேட்டைப் பார்த்தார். பன்னிரண்டு வருடமாக ஒருவரும் கேட்காத கேள்வி.

"சரி, யோசியுங்க. அதுக்குள்ள ஒரு சாயா கிடைக்குமா?" என்றார் ராஜையன் சார்.

விருந்தாளியிடம் சட்டம் பேச முடியாது. டீச்சர் தலையசைத்ததும் வன்னியபெருமாள் கேன்டீனுக்கு ஓடினார். தட்டில் ஒற்றை டம்ளரை வைத்துக்கொண்டு, பல மாதத்துக்குப் பிறகு, கல்யாண வீட்டுக்குள் நுழைவதுபோல் லேபுக்குள் நுழைந்தார். சாரிடம் கொடுத்தார். பின்னால் நகர்ந்தார். கால்கள் தாமாகவே மின்விசிறியின் கீழே போய் நின்றன. கைகள் தட்டை நெஞ்சோடு அணைத்தன.

"சாரே, வந்நு!" என்று கத்தினான் பிரவின்ராஜ். "மேடு வந்நு!"

முள் எழுந்து நின்றது. ராஜையன் சார் எட்டிப் பார்த்தார். சாயாவை மடக்கென்று குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார். வன்னியபெருமாள் வாங்க வந்தார். முள் படுத்துக்கொண்டது.

சார் அப்படியே நின்றார். "நீரு பின்னால போம்."

போனார். முள் எழுந்தது.

"முன்னால வாரும்." படுத்தது. "பின்னால. இடது பக்கம் ஓரடி. குனியும். நிமிரும். தட்டைத் திருப்பும்... அவ்வளவு வேண்டாம், கொஞ்சம்போல. மூச்சை விடாதியும்!"

போட்டோக்காரனிடம் அகப்பட்ட மாப்பிள்ளைபோல் வன்னியபெருமாள் பத்து நிமிடம் ஆடினார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கடைசியில் ராஜையன் சார் நாற்காலியில் உட்கார்ந்து, மீசை குலுங்கச் சிரித்தார்.

"டீச்சரே, இது லோப் இல்ல. விடுற ஹார்னிலிருந்து வாற அலை இவரு தட்டுல பட்டுத் திரும்புது. வாங்குற ஹார்ன் நூற்றிருபதுக்கு வரும்போது வாய் நேரே இவரைப் பாக்குது. உங்க பிள்ளைகள் பன்னிரண்டு வருஷமா இவரு நெஞ்சையாக்கும் வரைஞ்சிட்டு இருந்திருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். வன்னியபெருமாளுக்குச் சிரிப்பு வரவில்லை. லேபுக்கு அவர் எதற்கு வேண்டும் என்பதைக் கண்ணால் பார்க்கத்தான் டீச்சர் காத்திருந்தார். இதோ பார்த்துவிட்டார். வன்னியபெருமாள் உள்ளே நின்றால் கணக்கே தப்பு. வெளியே போனால் சரி.

"நான் வேணும்னு செய்யல சார்" என்றார். "டம்ளருக்காக நின்னது."

"ஆனா ஒண்ணு சொல்லணும்" என்றார் ராஜையன் சார். "பன்னிரண்டு வருஷம் ஒரே இடம், ஒரே கோணம். ஒரு டிகிரி மாறல பாத்தியளா! ஸ்டாண்டுல மாட்டினாக்கூட இப்படி நிக்காது."

அன்று சாயங்காலம் ஆவுடைத்தாயிடம் நடந்ததைச் சொன்னார். அவள் மடித்துக்கொண்டிருந்த சேலையைக் கீழே போட்டாள்.

"அப்ப இத்தனை நாளும் முள்ளு ஆடுனது உங்களாலயா?"

"ஆமா."

"அந்த அலை அலைன்னு சொன்னது நெசந்தானா?"

"நெசந்தான். ஆனா நாளைக்கு என்னைக் கேன்டீனுக்கு அனுப்பிருவாவ."

"அனுப்பட்டும். இன்சார்ஜுன்னு எங்கண்ணன் சொன்னது கம்மி" என்று சொல்லி அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டார்கள்.

ஆனால் ஜெபமலர் டீச்சர் பார்த்ததை எழுதுகிறவர். கையேட்டிலிருந்து பழைய வரைபடத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒரு சோதனையைச் சேர்த்தார்: உலோகத் தட்டில் பட்டு அலை திரும்புவதைக் கண்டறிதல். ஆபீசுக்கு அனுப்பிய கருவிப் பட்டியலில் ஹார்ன் இரண்டு, மீட்டர் ஒன்று, எவர்சில்வர் தட்டு ஒன்று என்று எழுதி, 'தட்டை அசையாமல் பிடிக்கப் பழகிய ஆள் அவசியம்' என்று ஒரு வரியும் சேர்த்தார்.

ஆபீசில் லிங்கம் என்ற குமாஸ்தா அந்தப் பட்டியலைக் கருவிப் பதிவேட்டில் ஏற்றினார். அவருக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். நாற்பத்தேழாவது வரியில், 'தட்டு, எவர்சில்வர், ஆளுடன் - 1' என்று எழுதிவிட்டுக் கைகழுவப் போனார்.

அடுத்த மாதம் கேன்டீன் மேனேஜர் ஆள் கேட்டு வந்தபோது லிங்கம் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "பறஞ்சா மனசிலாகணும். ஆளு ஸ்டாக்குல ஏறியாச்சு. மூணு பேர் கமிட்டி கூடி, உடைஞ்சதுன்னு கையெழுத்துப் போட்டாத்தான் வெளிய எடுக்க முடியும்."

"எங்க உடைஞ்சிருக்கு? நல்லாத்தானே இருக்காரு?"

"அப்ப எடுக்க முடியாது."

பிறகு யாரும் கேட்கவில்லை. டீச்சரும் அந்த வரியைத் திருத்தவில்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் சாமான் சரிபார்க்க வருகிறவர் மீட்டர்களையும் குழாய்களையும் எண்ணிக்கொண்டு வந்து, "நாற்பத்தேழு?" என்பார்.

"இருக்கேன் சார்" என்பார் வன்னியபெருமாள், தட்டோடு.

இரண்டாயிரத்து ஒன்பதில், ஓணம் விடுமுறைக்குப் பணகுடி போனவர் திரும்பி வரவில்லை. காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம், அப்படியே சாய்ந்துவிட்டாராம். தட்டு லேபில், மூன்றாவது ஜன்னல் பக்கம் ஆணியில் தொங்கியது.

அந்த வருடம் ஜெபமலர் டீச்சர் ரெகார்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு பையனின் வரைபடத்தில் நூற்றிருபது டிகிரியில் மேடு இருந்தது. எந்தச் சீனியர் அண்ணனின் பழைய நோட்டிலிருந்தோ வந்தது.

"இந்த ரீடிங் நீ எடுத்ததா?"

"அதே டீச்சர். ஞான் தன்னே எடுத்ததாணு."

தானே எடுத்ததாகப் பையன் கண் இமைக்காமல் பொய் சொன்னான். அவன் எடுத்த அன்று மின்விசிறியின் கீழே யாரும் நிற்கவில்லை. டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். கொஞ்ச நேரம் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிவப்பை மூடி வைத்துவிட்டு, நீலப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.